புகழ் மண்டபமும் பூண்டுலோயாவும்

விளையாட்டு வீரருக்குப் புகழ் மண்டபம் எழுப்பும் வழக்கத்தை உலகறியச் செய்தது அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன். பேஸ்பால் மண்டபம் அங்கே 1939இல் திறக்கப்பட்டது. அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணமே ஒரு கட்டுக்கதை. 1839இல் அப்னர் டபிள்டே என்பவர் அங்கு அவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்று 1907இல் ஒரு குழு தீர்ப்புக் கூறிற்று. அவ்வாண்டு அவர் ராணுவக் கல்லூரி மாணவர் என்பது பின்னர் வெளியாயிற்று. கதை பொய்த்தது, கட்டடம் நிலைத்தது!

அதைவிடப் பெரிய பொய் ஒன்றும் அங்கு உண்டு. கறுப்பின வீரரைப் பெரிய லீக்குகள் 1947 வரை ஒதுக்கியே வைத்திருந்தன. கறுப்பர் லீக்குகளின் பெரும் பந்துவீச்சாளரான சாச்சல் பேஜுக்கு 1971இல் இடமளிக்க முன்வந்தபோதும், தனிப்பகுதியில் வைப்பதாகவே முதலில் அறிவித்தனர். கண்டனம் எழுந்த பின்னரே சம இடம் கிடைத்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே சுவர் வைக்கும் பழக்கம் நமக்கும் புதிதன்று.

கிரிக்கெட்டின் கதை என்ன? 1909இல் 'இம்பீரியல்' என்ற பெயரோடு பிறந்த சர்வதேசக் கழகம், தன் நூற்றாண்டான 2009இல் புகழ் மண்டபம் அமைத்தது. முதலில் ஏற்ற 55 பெயர்களில் இலங்கையர் ஒருவருமில்லை. 2016இல் முதல் இலங்கையராக நுழைந்தவர் முத்தையா முரளிதரன். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒரு தமிழரின் பேரன்.

இச்செய்தியில் மலையகம் மகிழ்ந்தது நியாயமே, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் 'தோட்டத்துப் பேரன்' என்ற புகழுரையை அப்படியே ஏற்க முடியவில்லை. பாட்டனார் பின்னர் தாயகம் திரும்பிவிட்டார். தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். பேரன் பந்துவீசப் பயின்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பத்திற்கு வாய்த்த வெற்றி இது. லயத்தின் வெற்றியாக இதைக் காட்டுவது யாருக்கு வசதி?

பூண்டுலோயாவின் சரிவுகளில் மட்டமான நிலம் அரிது. கிடைத்ததில் முதலுரிமை தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும். கிரிக்கெட் திடலும் கழகமும் துரைமாருக்கு இருந்தன. கொழுந்து பறித்தவளின் மகனுக்குப் பிரட்டுக்களந்தான் மைதானம். 1948இல் அவன் பெற்றோரின் குடியுரிமையையே பறித்தார்கள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களுள் எத்தனை பந்துவீச்சாளர் இருந்தனர் என்பதை எந்த மண்டபம் எழுதி வைக்கும்?