கொத்துக்கு ஒரு கேள்வி

கோவில்பட்டிக் கரிசலில் ஒரு காலத்தில் கருங்கண்ணிப் பருத்தியும் உப்பம் பருத்தியும் ஒரே வயலில் கலந்தே விளைந்தன. 1901-இல் அங்கே தொடங்கிய வேளாண்மைப் பண்ணை, கருங்கண்ணியைத் தேர்ந்து பெருக்கி விதையாகக் கொடுத்தது. அவை இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள். பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரியும். ஆனால் கருங்கண்ணியிலேயே நாற்பது ரகங்களைக் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னால்? செடியின் உயரம், காய்களின் எண்ணிக்கை, இழையின் நீளம் எல்லாவற்றையும் ஒருசேர எடைபோடக் கண் போதாது. கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு நம் நாட்டிலேயே பிறந்தது. பி. சி. மகலனோபிஸ் 1936-இல் வகுத்த ‘டி வர்க்கம்’, பல பண்புகளைச் சேர்த்து இரு ரகங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரே எண்ணாகச் சொல்கிறது. அத்தூரங்களைக் கொண்டு ரகங்களைக் கொத்துகளாக்கும் டோச்சர் முறையை சி. ஆர். ராவ் 1952-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். பயிர் மேம்பாட்டு ஆய்வேடுகளில் இன்றும் இவை வழக்கத்தில் உள்ளன. தூரத்துக் கொத்துகளிலிருந்து பெற்றோரைத் தேர்ந்து ஒட்டுச் சேர்ப்பார்கள்.

குறை எங்கே? இம்முறை ஒவ்வொரு ரகத்தையும் ஏதேனும் ஒரு கொத்தில் அடைத்துவிடுகிறது. கொத்தின் நடுவில் இருப்பதும் விளிம்பில் இருப்பதும் அட்டவணையில் ஒன்றுபோலவே தோன்றும். மானாவாரி நிலத்தில் இது சிறு குறையன்று. கார்த்திகை மழை பொய்த்தால் காய் குறையும். விளிம்பில் உள்ள ரகம் அடுத்த கொத்துக்குத் தாவிவிடலாம். முந்திய அட்டவணையை நம்பிச் சேர்த்த ஒட்டில் பல ஆண்டு உழைப்பு வீணாகும்.

தாமஸ் பேய்ஸின் கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1763-இல் வெளிவந்தது. அதன் வழி வந்த முறைகள், முன்னூகத்தைத் தரவு கொண்டு திருத்துகின்றன. ‘இந்த ரகம் முதல் கொத்தில் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 55, இரண்டாவதில் 45’ என்று அவற்றால் சொல்ல முடியும். எத்தனை கொத்துகள் என்பதையே தரவிடம் கேட்கவும் ஃபெர்குசன் 1973-இல் வழி திறந்தார்.

இவையும் மந்திரக்கோல் அல்ல. முன்னூகம் மாறினால் விடையும் மாறலாம். ஃபெர்குசன் வழியில் அமைந்த சில மாதிரிகள் இல்லாத சிறு கொத்துகளையும் காட்டும் என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஒரே ஆண்டின் தரவைக் கொடுத்தால், அடுத்த ஆண்டின் மழையை எந்தச் சூத்திரமும் அறியாது.

ஆயினும் தன் ஐயத்தை எண்ணாகச் சொல்லும் முறை, ஐயமே இல்லாததுபோல் நடிக்கும் முறையைவிட நேர்மையானது. மாணவர்களே, கொத்து அட்டவணையைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை ஆண்டுத் தரவு? எவ்வளவு உறுதி?