மீஞ்சூர் தாண்டினால் காற்று மாறும்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரிக்காரர்களைக் கண்டுபிடிப்பது எளிது. எண்ணூர்க் கழிமுகத்துப் பாலமும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் அவர்கள் தூக்கத்திலேயே கடந்து போகும். அனுப்பம்பட்டில் வண்டி நின்றதும் யாரும் எழுப்பாமலே கண் விழிப்பார்கள். அடுத்தது அவர்கள் ஊர். காலி டிபன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பும் அந்த ஒரு நிமிடம், பார்க்க அவ்வளவு அழகு.

மீஞ்சூர் வரைக்கும் காற்றில் உப்பும் கரியும் இருக்கும். அதற்கப்புறம் நடவு முடிந்த வயலின் சேற்று வாசனை, உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் மூக்குக்கு அது வேறு நாடு.

ஸ்டேஷனை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு மாலை நெடுநேரம் நின்றேன். எந்த ரயிலில் யார் திரும்புவார்கள் என்பது ஸ்டாண்டுக்காரருக்கு மனப்பாடம். மூன்று மணி வெயிலில் ஒருதரம் எல்லா வண்டிகளையும் நகர்த்தி, முதலில் வருகிறவர்களுடையதை வாசலோரம், முன்சக்கரம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்துகிறார். கடைசி ரயில்காரர்களுடையது சுவரோரம். டோக்கனை அவர் பார்த்தே நான் பார்க்கவில்லை. ஒரு பெண்மணி வந்ததும், “தூறல் போட்டுச்சுக்கா, சீட்டைத் துடைச்சிட்டேன்” என்றார். அந்த அக்கா தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டியை எடுத்தார். நன்றி சொல்லிக்கொள்ளத் தேவைப்படாத பழக்கம் அது.

2021இல் பொன்னேரிப் பேரூராட்சி நகராட்சியானது. பலகை மாறிற்று. பேச்சு மாறவில்லை. மழைக்காலத்தில் டீக்கடையில், “பிச்சாட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்களாம்” என்று ஒருவர் சொன்னால் போதும், அத்தனை பேரும் ஆரணியாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆந்திரத்து அணையில் திறந்த தண்ணீர் இந்த ஊர் வழியாகத்தான் பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. நாளெல்லாம் சென்னையில் கணினி முன் உட்கார்ந்துவிட்டு வந்தவரும், ஆற்றில் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

சித்திரையில் ஒரு சந்திப்பு நடக்கும். திருவாயர்பாடி கரிகிருஷ்ணப் பெருமாள் கருடன்மேல் வருவார். அகத்தீஸ்வரர் நந்திமேல் வருவார். ஹரியும் ஹரனும் கடைவீதியில் எதிரெதிரே நிற்பார்கள். இரண்டு பக்கத்துத் தீபமும் ஒன்றாக எழும்போது, நாமம் போட்டவர் நந்தியைப் பார்த்துக் கைகூப்புவார். திருநீறு பூசியவர் கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கூட்டத்தில் தோள்பையோடு சிலர் நிற்பார்கள். ரயிலைவிட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்தவர்கள்.