பயம் பெரிசு, கோரிக்கை சிறிசு

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு மெமோ, மின்னஞ்சல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பைச் சில வருடம் எடுத்திருக்கிறேன். அதில் தவறாமல் ஒரு மெமோவைப் பற்றிப் பேசுவேன். மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜொலே 1985 ஜூலை 31 அன்று எழுதியது அது. "தெளிவா எழுதாததால ஏழு உயிர் போச்சு" என்று முடிப்பேன். வகுப்பு கப்சிப் ஆகிவிடும். போன வாரம் அதை வரி வரியாக மறுபடி வாசித்தேன். நான் சொல்லிவந்தது தப்பு. அதனால்தான் இந்தக் குறிப்பு.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய 73 நொடியில் சிதறியது. பக்கவாட்டு ராக்கெட்டின் துண்டுகள் சேரும் இணைப்பில் சூடான வாயுவை அடைத்துவைக்க இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்பது நம்பிக்கை. அன்று இரண்டுமே காப்பாற்றவில்லை.

மெமோ போனது பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டுக்கு. முதல் வரியிலேயே எதற்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறார்: பிரச்சினையின் தீவிரம் நிர்வாகத்துக்கு முழுசாகத் தெரியவேண்டும். அடுத்து, இதுவரை பயமில்லாமல் பறக்கலாம் என்று இருந்தோம், அந்த நிலை மாறிவிட்டது என்கிறார். காரணமும் தருகிறார். ஒரு பயணத்தில், வேறொரு இணைப்பில், முதல் வளையம் அடைக்கவே இல்லை, இரண்டாவதும் அரிக்கப்பட்டிருக்கிறது. இதுவே முக்கிய இணைப்பில் நடந்தால் உயிர்ப்பலி என்று எழுதுகிறார். கடைசியில், விமானத்தோடு ஏவுதளத்தையும் இழப்போம் என்ற பயத்தை ஒளிக்காமல் சொல்கிறார்.

இதில் என்ன தெளிவில்லை? "முக்கியமானதை முதலில் சொல், சுருக்கமாகச் சொல், விளைவைச் சொல்" என்று நான் போர்டில் எழுதிப்போட்ட எல்லாமே இதில் இருக்கிறது.

நடுவில் ஓர் இடத்தை நான் இத்தனை நாள் தாண்டிப் போயிருக்கிறேன். இந்தக் கோளாறைச் சரிசெய்ய ஜூலை 19 அன்றே ஒரு குழு போட்டார்களாம். ஆனால் குழு எது, அதன் வேலை என்ன என்று சொல்லும் மெமோ வெளிவரவே இல்லையாம். அதனால் இப்போது அந்தக் குழு இருந்தும் இல்லாத மாதிரிதான் என்கிறார். அதாவது, ஒரு மெமோ வராததைப் பற்றிப் புகார் சொல்லும் மெமோ இது! "எழுத்துபூர்வமா குடுங்க சார்" என்று கேட்டு அலைந்த யாருக்கும் இது புரியும்.

அப்படியானால் இந்த மெமோவில் குறையே இல்லையா? இருக்கிறது. பயம் ஒரு அளவு, கோரிக்கை வேறு அளவு. உயிர் போகும் என்று எழுதியவர் கேட்பது, முழுநேரமாக வேலை செய்ய ஒரு குழு. பறப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டது கிடைத்தது: அடுத்த மாதமே குழு முறைப்படி அமைந்தது. அக்டோபர் 1 அன்று பாப் எபெலிங் என்ற இன்னொரு பொறியாளர் உதவி கேட்டு அலறும் மெமோ எழுதுகிறார், குழுவின் வேலையை எல்லா வழியிலும் தாமதப்படுத்துகிறார்கள் என்று. விண்கலங்கள் பறந்துகொண்டேதான் இருந்தன. மெமோ ஜெயித்தது, எழுதியவர் தோற்றார்.

இதை போஜொலேயின் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் நாற்காலியிலிருந்து கேட்கக்கூடியது அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருக்கலாம். கேட்கவேண்டியதைக் கேட்ட நாளும் வந்தது. ஏவுவதற்கு முந்தைய இரவு, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே (ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ்) ஏவவேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். முதலில் நிறுவனமும் அதையே பரிந்துரைத்தது. பிறகு மேலதிகாரி ஒருவர், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னது லண்டிடம். ஆறு மாதம் முன்பு அந்த மெமோ போய்ச் சேர்ந்த அதே லண்ட். அவர் மாறினார்.

படிப்பவருக்குப் புரியவில்லை, புரியவைத்தால் போதும் என்பதுதான் நம் மின்னஞ்சல் கையேடுகளின் அடிப்படை நம்பிக்கை. புரிந்தும் ஒத்துக்கொள்ள வசதியில்லாத வாசகரைப் பற்றி அவை பேசுவதில்லை. விபத்துக்கான பழியை எழுதியவரின் நடைமேல் போடுவது நிர்வாகத்துக்கு ரொம்ப சௌகரியம். நானும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த வகுப்பிலும் இந்த மெமோவைக் காட்டுவேன். ஆனால் கேள்வியை மாற்றப்போகிறேன். "இதுல என்ன தெளிவா இல்ல?" என்று கேட்கமாட்டேன். "நீங்க பயப்படுறது நடக்காம இருக்கணும்னா எதை நிறுத்தணும்? அதை யார்கிட்ட கேக்கணும்? கேட்டிருக்கீங்களா?" என்று கேட்பேன். பதில் தெரிந்தும் எழுத முடியவில்லை என்றால், கோளாறு அவர்கள் எழுத்தில் இல்லை. அதையும் வகுப்பில் சொல்லிவிட வேண்டும்.