நீக்க வேண்டிய வரிகள்

வேண்டாத வரிகளை நீக்க யந்திரத்துக்கு உத்தரவு எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குகிறவர்கள் நம்மில் அதிகம். எனக்குச் சம்மதமில்லை. அது ஒரு விமர்சனச் செயல். நம் விமர்சகர்கள் பலர் துணியாத செயலும்கூட. 'இந்த வரி சரியில்லை' என்று முகம் சுளிப்பது யந்திரத்துக்குப் போதாது. எந்த அடையாளம் இருந்தால் வரி போக வேண்டும் என்பதை முன்கூட்டியே, எழுத்தெழுத்தாகச் சொல்லியாக வேண்டும்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் எழுதிய 'எட்' என்னும் பிரதித் திருத்தி இதை இரண்டு நடையில் செய்கிறது. முதல் நடையில் அடையாளம் பொருந்தும் வரிகளைக் குறித்துக்கொள்வதோடு சரி. முழுப் பிரதியையும் பார்த்த பிறகே நீக்கத் தொடங்கும். அங்கேயே லீ மக்மஹன் 1973-74இல் எழுதிய 'ஸெட்' வேறு சுபாவம். ஒரு வரி, ஒரு தீர்ப்பு, அடுத்த வரி. ஆனால் அது மூலத்தைத் தொடாமல் மிச்சத்தைத் தனியே தந்தது (மூலத்தின் மேலேயே எழுதும் வசதி பின்னால் வந்த சேர்க்கை). எது போயிற்று என்று ஒப்பிட முடியும். எலியட்டின் 1922 'பாழ்நில'த்தில் பவுண்ட் வெட்டியதைப் பார்க்க, கைப்பிரதி அச்சான 1971வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மக்மஹனின் அக்கறை பிரதி சார்ந்தது. 1787-88இல் புனைபெயரில் வெளிவந்த 85 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் எது யார் எழுதியது என்ற தகராறு அவரை ஈர்த்தது. அவ்வளவு பெரிய பிரதி 'எட்'டுக்குக் கொள்ளாததால்தான் தாம்ஸன் அதன் தேடும் பகுதியை 'கிரெப்' என்று தனியே பிரித்துக் கொடுத்தார் என்கிறார் கெர்னிகன். இதே தகராறில் மோஸ்டெல்லரும் வாலஸும் 1964இல், பெரிய கருத்துக்களை விட்டுவிட்டு 'அப்பான்' போன்ற சில்லறை ஆங்கிலச் சொற்களை எண்ணினார்கள். ஹாமில்டன் அதை அடிக்கடி எழுதுவார், மாடிஸன் அபூர்வமாக. சாரத்துக்கு வேண்டாதவை என்று நாம் முதலில் வாரிக் கொட்டும் சொற்கள். ஆசாமி அங்கேதான் இருந்தான்.

தமிழில் சங்கடம் எழுத்திலேயே தொடங்குகிறது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் என்பது நம் இலக்கணம். யூனிகோடில் தலைகீழ்: அகரமேறிய எழுத்தின்மேல் புள்ளி தனிக் குறியாக ஏறுகிறது. 'கண' உள்ள வரிகளை நீக்கு என்றால் கணக்கு, கணையாழியோடு கண், கண்ணீர், கண்டனம் எல்லாம் போய்விடும். யந்திரம் சொன்னதைத்தான் செய்தது. 'அடுத்துப் புள்ளி வராத' என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால், 'நீக்கு' என்ற இடத்தில் 'காட்டு' என்று போட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம். 'எட்'டில் இதற்கு ஓர் எழுத்தை மாற்றினால் போதும்.