சோல்வின்ஸ் வரைந்த ஹூக்காவும் வரையாத அடுப்படியும்

பழைய புழங்குபொருள்களின் படங்களைப் பார்க்கும்போது பாத்திர வியாபாரியான எனக்கு முதலில் எழுகிற கேள்வி, "இது எவ்வளவு பெரிசு?" என்பதுதான். எட்டு ஆழாக்கு கொண்டது ஒரு படி. இரண்டையும் தனித்தனித் தாளில் ஒரே அளவாக வரைந்து வைத்தால் எது எது என்று யார் சொல்வது?

பல்தசார் சோல்வின்ஸின் படங்களில் இந்தக் குழப்பம் இல்லை. 1760-ல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்த இவர், 1791-ல் நாம் வாழும் இந்தக் கல்கத்தாவுக்கு வந்து, 250 படங்களைச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டார். பிறகு 1808 முதல் 1812 வரை பாரிசில் நான்கு பெரிய தொகுதிகள். இரண்டிலும் கைநஷ்டம். வாங்குகிறவர்கள் கேட்டது சுவரில் மாட்ட அழகான காட்சி. இவர் கொடுத்தது சரக்குப் பட்டியல்! (நாடார் வரலாற்றை 1969-ல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ்தான் 2004-ல் இவரைப் பற்றியும் விரிவான நூல் எழுதினார்.)

தொழில்கள், வேலைக்காரர், வண்டி, பல்லக்கு, படகு, புகைக்கும் சாதனம் என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார். இசைக்கருவிக்கு மட்டும் 36 படங்கள். கருவியைத் தனியே கிடத்தாமல் வாசிக்கிறவர் கையில் கொடுத்து வரைந்ததால் அளவும் தெரிகிறது, பிடிக்கிற விதமும் தெரிகிறது. ஹூக்காவும் அப்படியே. தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்த ஜோடிப் படங்களிலும் கருவி கையில் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் அடையாளத்துக்குப் பிடித்தது, வேலை நடக்காது.

சோல்வின்ஸிடம் எனக்குள்ள மனக்குறை வேறு. அவர் பிரித்த பகுதிகளில் அடுப்படிக்கு ஒன்று கிடையாது. அரிவாள்மணையும் அதன் வங்காளத் தங்கையான பொண்டியும் நடமாடும் இடத்துக்குள் அந்நிய ஆண் நுழைய முடியுமா? வாசலோடு நின்றுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

வந்தவாசிப் பக்கம் எங்கள் நயினார் வீடுகளில் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். அம்மா குடத்தின் வாயில் துணியை இரண்டாக மடித்துக் கட்டி வடிப்பாள். துணியில் தங்கிய சிற்றுயிர் சாகாதிருக்க, அதை அதே கிணற்றுத் தண்ணீரில் மெல்ல அலசி விடுவாள். போன வருஷம் பேத்திக்கு அதை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். "தாத்தா, இது கைக்குட்டையா?" என்றாள். துணியை அடையாளம் தெரிகிற மாதிரி பக்கத்தில் அம்மாவின் கையை வரைந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று தாள் வீணானதுதான் மிச்சம், எனக்கு வரவில்லை.