கத்தி காத்திருக்கலாம்

அமெரிக்காவில் ஆண் குழந்தை பிறந்தால், பெற்றோரிடம் மருத்துவமனையிலேயே கேட்டுவிடுவார்கள்: முன்தோலை நீக்கிவிடலாமா? யூதருக்கும் இஸ்லாமியருக்கும் மதம் விடை தந்திருக்கிறது. அப்படி எந்தக் கடமையும் இல்லாத தமிழ்க் குடும்பங்களும் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு மருத்துவக் காரணம் மட்டும் போதுமா என்பதே கேள்வி.

ஆதரவுத் தரப்பு வலுவானது. நன்மைகள் அபாயங்களைவிட அதிகம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் அறிவித்தது. முதலாவது நன்மை, சிறுநீர்த் தொற்று குறைவது. சுமார் 100 குழந்தைகளுக்குச் செய்தால் ஒரு தொற்று தவிரும். அதுவும் பெரும்பாலும் மருந்தில் குணமாவது. இரண்டாவது, எச்.ஐ.வி. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் நோய் மிகுந்த அப்பகுதிகளில் அந்தச் சிகிச்சைக்கு முன்வந்தவர்கள், தாமே சம்மதித்த வளர்ந்த ஆண்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்த ஆபத்து வரப் பல ஆண்டுகள் ஆகும். மூன்றாவது, ஆண்குறிப் புற்றுநோய். அது மிக அரிது.

எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்க இந்த நன்மைகள் போதாது என்று அதே அறிக்கையே சொல்கிறது. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் இதை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இலேயே எதிர்த்தது.

எதிர்த்தரப்பிலும் மிகைப்பேச்சு உண்டு. ஆணின் பாலின்பம் அழிந்துவிடும் என்ற அச்சத்தைக் கென்ய, உகாண்டா ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. பயிற்சி பெற்ற கையில் பெரும் சிக்கல்கள் அபூர்வம். ஆனால் ரத்தக்கசிவும் தொற்றும் நேரலாம், வலியும் உண்மை. மரத்துப்போகச் செய்யும் ஊசி இல்லாமல் செய்வதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. பிறந்த குழந்தையின் முன்தோல் பின்னால் நகராதது நோயல்ல, இயல்பு. பிரிட்டன் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949இலேயே இதை எடுத்துக்காட்டினார்.

ஆதரவாளர்களின் மிக வலுவான வாதம் வேறு: பிறந்தவுடன் செய்தால் எளிது, காயம் சீக்கிரம் ஆறும், பிறகு என்றால் முழு மயக்கம் தேவைப்படலாம். இது சரிதான். ஆயினும் பெரும்பாலான ஆண்களுக்கு அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. தோல் இறுக்கமாகவே இருந்துவிட்டாலும் பலருக்கு ஸ்டீராய்டு களிம்பே போதும். ஒருசிலரின் சிரமத்தைத் தவிர்க்க எல்லோருக்கும் கத்தி வைப்பது கணக்குக்கு ஒத்துவராது. சிறுநீர்ப் பாதையில் பிறவிக் கோளாறுள்ள குழந்தையின் நிலை வேறு. அங்கே நன்மை பெரிது, தராசு சாய்ந்துவிடும்.

மதக் கடமையுள்ள குடும்பங்களை மருத்துவத் தராசில் மட்டும் நிறுக்க முடியாது. குழந்தை ஒரு சமூகத்தில் சேர்வதும் ஒரு நன்மையே. 2012இல் கொலோன் நீதிமன்றம் மதத்துக்காக முன்தோல் நீக்குவதை உடற்காயம் என்று தீர்ப்பளித்தபோது, அதே ஆண்டில் ஜெர்மனி நாடாளுமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்துச் சட்டம் இயற்றியது. அது நியாயமான வழி. அந்தப் பெற்றோர் விட்டுக்கொடுக்கக் கூடாதவை மூன்று: தேர்ந்த கை, வலிநீக்கம், குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் உண்டா என்ற விசாரணை.

மதக் கடமையோ மருத்துவத் தேவையோ இல்லாத பெற்றோருக்கு என் தீர்ப்பு: வேண்டாம். இன்று செய்யாததை அவன் நாளை விரும்பினால் செய்துகொள்ளலாம். இன்று வெட்டியதைத் திரும்பத் தர யாராலும் முடியாது. லாபம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, முடிவு அந்த உடலுக்கு உரியவனிடமே இருக்கட்டும்.