இருபது டெசிபல் போதும்

விலை குறைந்த கண்டென்சர் மைக் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓர் எண். மைக் தன்னுள்ளேயே எழுப்பிக்கொள்ளும் இரைச்சலின் அளவு அது. ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு 20 டெசிபல். ரோட் என்டி1-இன் ஐந்தாம் தலைமுறைக்கு 4 டெசிபல். இரண்டாவதன் விலை முதலாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பதினாறு டெசிபல் வித்தியாசம் காகிதத்தில் பெரிய விஷயம்தான். ஆனால் தொரப்பள்ளியிலோ ஓசூரிலோ வீட்டு அறையில் உட்கார்ந்து கதை வாசிக்க, பாடம் எடுக்க, பாட்டுப் பதிய மைக் வாங்குகிறவருக்கு அந்தப் பதினாறும் காதுக்கு வந்து சேராது. ஏடி2020 வாங்குங்கள், மிச்சப் பணத்தை அறைக்குச் செலவழியுங்கள் என்பதே என் தீர்ப்பு. அதற்கான காரணம் மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது.

கணக்கு எளிது. டெசிபல்கள் இரண்டும் இரண்டும் நாலு என்று கூடுவதில்லை. சன்னலைச் சாத்திய அறையில் பகலில் 40 டெசிபல் பின்னணிச் சத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதோடு ஏடி2020-இன் 20 சேர்ந்தால் மொத்தம் 40.04, என்டி1-இன் 4 சேர்ந்தால் 40.00. இந்த வித்தியாசத்தை எந்தக் காதும் பிரித்தறியாது. விடியற்காலை அறை 25 டெசிபலுக்கு இறங்கினாலும் 26.2-க்கும் 25.0-க்கும் உள்ள தூரம்தான். மின்விசிறியைப் போட்டுவிட்டால் அறையே 45 பக்கம் போய்விடும், எந்த மைக் என்ற கேள்வியே அடிபட்டுப்போகும். இந்த விஷயத்தில் ஓசூர் வட்டாரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம். சென்னையில் விசிறியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் வாசிப்பது வேர்வைக் குளியல். இங்கே கார்த்திகை முதல் மாசி வரை யாரும் அதைத் தியாகமாக நினைக்க மாட்டார்கள். அந்த ஒரு சுவிட்சு, எந்த விலையுயர்ந்த மைக்கும் தர முடியாத அமைதியைத் தருகிறது.

ஒலிநூல் தயாரிப்பவர்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கும் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். குரலின் சராசரி மட்டம் மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில் இருக்க வேண்டும். யாரும் பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 37 முதல் 42 டெசிபல் இடைவெளி. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சாதாரணமாகப் பேசும் குரல் மைக்கை எட்டும்போது சுமார் 75 டெசிபல். ஏடி2020-இன் சொந்த இரைச்சலைக் கழித்தால் 55 மிச்சம், தாராளமாகத் தேறுகிறது. அதே 75-இலிருந்து பகல் அறையின் 40-ஐக் கழித்துப் பாருங்கள்: 35. தேறாமல்போவது அறைதான். என்டி1-ஐக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த 35 ஓர் இழை நகராது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. லாரி உறுமல், மோட்டார் சத்தம் போன்ற அறை இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. மைக்கின் இரைச்சலோ மேலே 'உஸ்' என்று தனியாகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டுவது ஏமாற்று வேலை இல்லையா? ஓரளவு ஆமாம். வீணையையோ புல்லாங்குழலையோ மூன்றடி தள்ளி மைக் வைத்துப் பதிகிறவர், தேய்ந்து அடங்கும் நாதத்தின் கடைசி இழையில் அந்த 'உஸ்'ஸைக் கேட்பார். அவர் என்டி1 வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு சாண் தூரத்தில் வாய்திறந்து பேசுகிறவருக்கு அது 50 டெசிபலுக்கும் கீழே புதைந்துவிடும்.

இரைச்சலைவிடப் பெரிய எதிரி எதிரொலி. விமர்சனங்களில் அதிகம் பேசப்படாதது இதுதான். புதிதாகக் கட்டிய வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, வழவழப்பாகப் பூசிய சுவர். வாலஸ் சபைன் 1890-களில் ஹார்வர்டின் விரிவுரைக் கூடம் ஒன்றில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அளந்து கண்ட சூத்திரத்தை இதற்குப் போட்டுப் பார்த்தால், காலியான இந்த அறையில் ஓர் ஒலி அடங்க மூன்று வினாடியை நெருங்கும். மேடு பள்ளமான மண்சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய வீடுகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. ராஜாஜி 1878-இல் பிறந்த தொரப்பள்ளியிலும் அப்படிப்பட்ட வீடுகள் கான்கிரீட்டுக்கு வழிவிட்டு வருகின்றன. தமிழில் ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் நடக்கும் சிறு மாற்றங்களால். அந்தப் பகுதியை ஏடி2020 சுத்தமாகவே பதிகிறது. முந்தைய அசையின் வால் அடுத்த அசைமேல் படரும்போதுதான் 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிப்போகின்றன. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த வட்டாரம் இது. அவர்களுக்காகப் பாடம் பதிகிறவர் ழகரத்தை மங்கவிடக் கூடாது. பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த மெத்தையை நிமிர்த்தி வைத்து, இரு பக்கமும் கம்பளி தொங்கவிட்டாலே எதிரொலி பாதிக்கும் கீழே போய்விடும். பின்னால் ஏன் என்றால், ஏடி2020 இதயவடிவில் முன்பக்க ஒலியை வாங்கும் மைக். அதன் முகம் பார்ப்பது பேசுகிறவரையும் அவருக்குப் பின்னுள்ள சுவரையும்.

அப்படியானால் டைனமிக் மைக் வாங்கிவிட்டால் என்ன, அது வெளிச்சத்தத்தை எடுக்காதே என்று கேட்பார்கள். இந்த நம்பிக்கை இணையம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, பாதி தவறு. ஷ்யூர் எஸ்எம்7பி ஒரே அளவு ஒலிக்கு 1.12 மில்லிவோல்ட் தருகிறது, ஏடி2020 தருவது 14.1. டைனமிக் மைக் விசிறிச் சத்தத்தைக் குறைவாக எடுப்பது உண்மைதான், ஆனால் உங்கள் குரலையும் அதே விகிதத்தில்தான் குறைவாக எடுக்கிறது. குரலைத் தூக்க 22 டெசிபல் கூட்டினால் விசிறியும் கூடவே ஏறி வரும். குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது தூரமும் மைக் எந்தத் திசையிலிருந்து வாங்குகிறது என்பதும்தான். மேடைப் பாடகர் உதடு ஒட்டப் பாடுவதால் டைனமிக் மைக்குக்கு அந்தப் பெயர் வந்தது. ஒரு முழத்திலிருந்து, அதாவது சுமார் 45 சென்டிமீட்டரிலிருந்து 15-க்கு நெருங்கினால் எந்த மைக்கிலும் குரல் 9.5 டெசிபல் உயரும். காசு செலவில்லை. ஆனால் விசிறியை நிறுத்தவே முடியாத வீடு, அடுப்படியும் அறையும் ஒன்றாக இருக்கும் வீடு என்றால் உதட்டை ஒட்டிப் பேசித்தான் ஆக வேண்டும். மூன்று சென்டிமீட்டரில் கண்டென்சர் மூச்சுக்காற்றில் படபடக்கும், டைனமிக் தாங்கும். அந்த நிலைமைக்கு ஷ்யூரின் டைனமிக் மைக்கான எஸ்எம்58 சரியான தேர்வு. போலி எஸ்எம்58 உலகமெங்கும் உலவுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இருபது டெசிபலே போதுமென்றால் இன்னும் கீழே இறங்கி ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் கிடைக்கும் பிஎம்-800 வகை மைக்கை வாங்கலாமே? அங்கே என் வாதம் நின்றுவிடுகிறது. அந்தப் பெரிய வலைத்தலைக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய எலக்ட்ரெட் துண்டு. அதன் இரைச்சல் அறையை மீறிக்கொண்டு கேட்கும், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. எலக்ட்ரெட் என்பதே மட்டம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962-இல் உருவாக்கிய அந்த நுட்பத்தின் வழி வந்ததுதான் ஏடி2020-உம். நிரந்தர மின்னேற்றம் அதன் பின்தகட்டில் இருக்கிறது. வேறுபாடு தயாரிப்பின் கண்டிப்பில். பெட்டிமேல் மாதிரி எடுக்கும் வீதம் 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சடித்திருந்தால் அதையும் தாண்டிப்போகலாம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, அதைப் பதிய 44.1 போதும்.

ஏடி2020-இல் குறைகள் இல்லாமல் இல்லை. அதிர்வைத் தடுக்கும் ஷாக் மவுன்ட் கிடையாது, தாழ்ந்த உறுமலை வெட்டும் சுவிட்சும் கிடையாது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் லாரி போகும்போது தரையே சொல்லும். அதன் அண்ணன் ஏடி2035-இல் இரண்டும் உண்டு, சொந்த இரைச்சலும் 12 டெசிபல்தான். நெடுஞ்சாலை வீட்டுக்காரர் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம். மற்றவர்கள் ஸ்டாண்டைத் தரையில் மடித்த கம்பளிமேல் நிறுத்தி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இலவச ஆடாசிட்டியில் வெட்டிவிட்டால் கிட்டத்தட்ட அதே பலன்.

இந்த மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் தரும் இன்டர்ஃபேஸ் தேவை. அந்த 48-க்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு: 1966-இல் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக மைக் செய்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்கென்று அந்த மின்னழுத்தம் ஏற்கெனவே இருந்தது. பதிவில் 'ம்ம்ம்' என்ற முனகல் வந்தால் மைக்கைக் குறை சொல்வதற்கு முன் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால் கோளாறு சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோ இருக்கலாம். எர்த்துக்காகக் கரியும் உப்பும் போட்ட குழி கோடையில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றியாக வேண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், பெட்டியில் எக்ஸ்எல்ஆர் கேபிள் இருக்காது என்பதால் அதையும் சேர்த்தே விலை பேசுங்கள். மைக்கின் வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.